நாற்பது மழைப் படகுகள்

அத்தியாயம் 14

“அந்தக் கம்பிய எடுத்துக் குடுப்பா.”

கேட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். புது சுடிதார் கேட்கலாம், ஹாஸ்டல் ஃபீஸ் கேட்கலாம், இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுக்காதே என்று சண்டைகூடப் போடலாம். அந்தக் கம்பியை மட்டும் அப்பாவிடம் கேட்கக் கூடாது. ஆறு வருஷமாக அம்மா எனக்குச் சொல்லிச் சொல்லி வைத்த ஒரே சட்டம் அது.

அப்பா பட்டறை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

“எந்தக் கம்பி?”

“தெரியாத மாதிரி நடிக்காத. வில்லைங்களக் கோத்து வச்சியே, அந்தக் கம்பி.”

“அதெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு.”

“போடல. அம்மாவோட டிரங்குப் பெட்டியில பட்டுப்புடவைக்கு அடியில கெடக்கு. எனக்குத் தெரியும்.”

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. புயல் அடித்து மூன்று வாரமாகியும் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மிச் சத்தம் நின்றது.

என்னை இப்படிப் பேச வைத்தது, நேற்று சிதம்பரத்தில் என் எம்.ஃபில். கைட் போட்ட ஒரு பென்சில் கோடு.

நம் நாட்டில் படகு கட்டுகிற, பழுது பார்க்கிற தொழிலுக்கு இனி என்ன வருங்காலம் என்று டில்லியில் ஓர் அறிக்கை தயாராகிறது. அதில் கடலூர்க் கரை மட்டும் என் கைட் வழியாக எம்.ஃபில். மாணவி அறிவுமதியின் தலையில், அதாவது என் தலையில், விழுந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து முடசலோடை வரை ஐந்து மாதம் நடந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு படகை ஒவ்வொன்றாகப் பார்த்து, கட்டிய பட்டறை, வருஷம், நம்பர் எல்லாம் நோட்டில் ஏற்றினேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு வரிகூடத் தப்பாகிவிடக் கூடாது என்கிற வெறி எனக்கு உண்டு.

கைட் ஒரே வரிக்கு அடியில் கோடு போட்டார். ‘ஒரு ஃபைபர் படகின் ஆயுள் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள்.’

“இது யாரும்மா சொன்னது?”

“எங்கப்பா சார். நாங்க பட்டறை வச்சிருக்கோம்.”

“எப்ப ஆரம்பிச்சாரு?”

“ரெண்டாயிரத்து அஞ்சுல.”

“இப்ப ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. அவரு கட்டுன படகு எதுவும் இன்னும் பத்து வருஷம் ஓடவே இல்லையே. அவருக்கு எப்படித் தெரியும்?”

அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டி, ரோட்டோரம் புயல் சாய்த்த மரங்களை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கடலூர் ஓ.டி. வந்து இறங்கும்போது, பதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டிரங்குப் பெட்டியில்.

*

அப்பா பேர் கொளஞ்சி. ஊர் மங்கலம்பேட்டை. கடலைப் பார்க்கவே பஸ் மாறிப் பஸ் ஏற வேண்டிய ஊர்க்காரர். இன்றைக்கு வரை நீச்சல் தெரியாது. அம்பத்தூரில் ஃபைபர் தண்ணீர்த்தொட்டி செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷம் இருந்தார். சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்குக் குப்பம் இலவசப் படகு கொடுக்க ஆரம்பித்தார்களே, அப்போது “தொட்டிய நீளமா இழுத்தாப் படகு, அவ்ளோதான் கொளஞ்சி” என்று யாரோ சொல்ல, எங்களை மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கிவிட்டார்.

வந்தவர் ஓர் அம்பத்தூர்ப் பழக்கத்தையும் கொண்டுவந்தார். படகை அச்சிலிருந்து எடுத்ததும், தண்ணீர் வடிய வால்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை போடுவோம். அப்போது ஒரு வில்லை கழன்று விழும். துளைக்கிற மெஷினின் முனை குத்தியதால் வில்லையின் நடுவிலும் பொடி ஓட்டை இருக்கும். அதில் படகு நம்பரையும் தேதியையும் எழுதிக் கட்டுக்கம்பியில் கோத்துவிடுவார். படகு எங்கே கைமாறிப் போனாலும், அதன் உடம்பில் ஒரு வில்லை அப்பாவிடம் இருக்கும். அதன் ஓரத்தைப் பார்த்தால் முழுப் படகும் எந்த லட்சணத்தில் இருக்கிறதென்று தெரிந்துவிடும்.

அந்தக் கம்பி முதலில் பட்டறையில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரிதான் தொங்கியது. 2006 தை மாதம் ஒருநாள் காணாமல் போனது. அன்றிலிருந்துதான் அம்மாவின் சட்டம்.

“மேஸ்திரி! உன் பரோட்டாவக் கொண்டாந்திருக்கேன், சால்னா ஊத்து!”

சிங்காரத்தோப்பு ஆண்டி அண்ணன் டிவிஎஸ் ஃபிஃப்டியை நிறுத்தினார். மடியில் ஒரு முழ நீளத்துக்குப் படகுத் துண்டு. புயலன்று கரையில் கட்டியிருந்த அவர் படகை அலை தூக்கிச் சவுக்குத்தோப்பில் வீசியது எனக்குத் தெரியும்.

“பாப்பா, நீயும் பாரு. நீதான் படிச்ச புள்ள.”

துண்டின் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தார். ஒரு ஏடு கழன்று வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. ஒன்றோடொன்று கல்லாக ஒட்டியிருக்க வேண்டிய மேட்டுகள். மேட் என்பது கண்ணாடி இழைப் பாய். அது ரெசின் பசையைக் குடித்து இறுகினால்தான் படகு. இங்கே நடு ஏடு பஞ்சு மாதிரி வெள்ளையாக, ரெசினே குடிக்காமல் இருந்தது.

“தப்பா நெனைக்காத மேஸ்திரி. குத்தம் சொல்ல வரல. ஆறு வருஷம் சோறு போட்ட படகு. புயல்ல எல்லார் படகும்தான் ஒடஞ்சுது. ஆனா மத்ததெல்லாம் தேங்கா மாதிரி ஒடஞ்சிருக்கு, இது மட்டும் ஏடு ஏடா பிரிஞ்சிருக்கு. என்னாத்துக்குன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான்.”

“அடி ஜாஸ்தி பட்டிருக்கும்,” என்றார் அப்பா. துண்டைப் பார்க்காமலே சொன்னார்.

நான் திருப்பிப் பார்த்தேன். பெயின்ட்டுக்கு அடியில் பதிந்திருந்தது நம்பர். இருபத்து மூணு.

“அண்ணே, இது யாருகிட்ட வாங்குனீங்க?”

“முடசலோடையில. இதுக்குக் கூடப் பொறந்ததெல்லாம் இன்னும் அங்கதான் ஓடுது. புயலுக்கு முன்னாடியே ஆத்துக்குள்ள கொண்டாந்து கட்டிட்டானுங்க, தப்பிச்சுது. மூணு வாரம் கழிச்சு நாளைக்குத்தான் எறங்குறானுங்க. தை மொத வெள்ளி பாரு. நம்ம கூட்டாளி தேவசகாயம் காலையில போன் பண்ணான், புது வலைடா, வந்து பாருடான்னு ஒரே பீத்தல்.”

“ஒரு படகுல எத்தன பேரு போவாங்க?”

“அஞ்சு பேரு. ஏம் பாப்பா?”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டம்ளரைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லண்ணே. துண்டு இங்கயே இருக்கட்டும்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். ரிப்பேர் ஆவுமான்னு மட்டும் யோசிச்சு வை மேஸ்திரி.” வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு துறைமுகம் பக்கம் போய்விட்டார்.

*

துண்டை மூக்கருகே கொண்டுபோனேன். ஆறு வருஷம் உப்புத்தண்ணீரில் ஊறியும் அந்த வாசனை உள்ளுக்குள் மிச்சம் இருந்தது.

ரெசின் வாசனை. ப்ளஸ் டூ படிக்கும்போது என் யூனிஃபார்ம், சடை, சாப்பாட்டு டப்பா எல்லாம் அதே வாசனைதான். “டீச்சர், இவ தெனமும் நெயில் பாலிஷ் போட்டுக்கிட்டு வர்றா” என்று பக்கத்தில் உட்கார்ந்தவள் போட்டுக் கொடுத்தாள். டீச்சர் என் விரல்களை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நகத்தில் பாலிஷ் இல்லை, ரெசின் காய்ந்திருந்தது.

அப்போது உப்பனாற்றங்கரையில் வரிசையாகப் பதினோரு பட்டறை. நாகர்கோவில் ஆட்கள், கேரள ஆட்கள், எங்கெங்கிருந்தோ மேஸ்திரிகள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மூங்கில் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தாலே அரைக்கிற மெஷின்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போலக் கத்தும். பதினோரு ரேடியோவிலும் ஒரே பாட்டு ஓடும். இன்று அங்கே எங்கள் பட்டறையையும் சேர்த்து மூன்று. ரேடியோ ஒன்றுகூட இல்லை.

2005 ஐப்பசியில் எங்களுக்கு நாற்பது படகு ஆர்டர் வந்தது. ஒரு தொண்டு நிறுவனம். சுனாமி வந்து ஒரு வருஷம் ஆகிற டிசம்பர் இருபத்தாறாம் தேதி, கரையில் வரிசையாக நிறுத்தி ரிப்பன் வெட்டிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ரிப்பனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. நடுவில் கார்த்திகை மாதம் என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நாங்களும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை கொட்டியதைப் பற்றி இன்னும் ஊரில் பேசுவார்கள். கெடிலத்தில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. எங்கள் கொட்டகை ஏழு இடத்தில் ஒழுகியது. மேட் ஈரமானால் ரெசின் பிடிக்காது என்று தார்ப்பாய்க்குக் கீழே தார்ப்பாய் கட்டினோம். அப்படியும் மேட் நமுத்தது. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்து, வேட்டியைத் தேய்ப்பது போல மேட்டைத் தேய்த்துக் காயவைத்தாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆள் போதாது. மேட்டில் ரெசினை அழுத்தித் தேய்க்கிற ரோலரை நானும் அக்கா ஜெயராணியும் பிடித்தோம். இன்றைக்கு அக்கா புருஷனான செம்பியன் மாமா அப்போது மாமா இல்லை. காடாம்புலியூரிலிருந்து வேலைக்கு வந்த செம்பியன். மடியில் எப்போதும் வறுத்த முந்திரி வைத்திருப்பார். அக்கா எந்தப் பக்கம் ரோலர் உருட்டுகிறாளோ, அந்தப் பக்கமே அவருக்கும் வேலை இருக்கும். எனக்குப் பத்து முந்திரி கொடுத்தால் நான் வேறு பக்கம் போய்விட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். வேர்க்கடலை அவித்துச் சட்டியோடு நடுவில் வைப்பாள் அம்மா. அப்பா திடீரென்று கூத்துப் பாட்டு எடுத்துவிடுவார். அப்பாவுக்குப் பாடத் தெரியும் என்பதே எனக்கு அந்த மழையில்தான் தெரிந்தது. தகரக் கூரையில் மழை அடிக்கிற அடிக்கு அவர் கத்திப் பாட, செம்பியன் பின்பாட்டுப் பாட, அக்கா தலையைக் குனிந்துகொண்டே சிரிக்க...

அதைவிடச் சந்தோஷமாக எங்கள் குடும்பம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுனாமியில் எல்லாம் போனவர்கள் தகரக் கொட்டகைக்குள் நனைந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். நினைத்தால் இன்றைக்கும் உள்ளுக்குள் இனிக்கிறது. இனிக்கிறதே என்றுதான் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

ஏனென்றால் நான் பார்த்தேன். ரோலர் உருட்டும்போது ரெசினுக்குள் பால் திரிந்தது போல வெள்ளைத் திட்டுகள். “இது என்னா மாமா, வெள்ள வெள்ளையா?” என்று கேட்டேன். முதல் முறையாக வாய் தவறி அவரை மாமா என்று கூப்பிட்டதும் அன்றுதான். எல்லோரும் அதற்குச் சிரித்தார்கள். “காஞ்சா சரியாயிடும் மதி” என்றார் செம்பியன். அதன் மேல் நீலப் பெயின்ட் அடித்தது யார்? நான்தான்.

*

“இந்தா.”

அம்மா கம்பியைக் கொண்டுவந்து துண்டுக்குப் பக்கத்தில் போட்டாள். முந்தானையில் மிளகாய்க் கை துடைத்த சிவப்பு.

“பட்டம்மா!” என்றார் அப்பா.

“அவ கேட்டுட்டா. இனிமே என்னாத்த மறைக்கிறது? இவ்ளோ நாளு அவ கேக்கக் கூடாதுன்னு காவல் காத்தேன். சின்னப் பொண்ணுல்ல, அவளும்தான ரோலர் புடிச்சா. தெரிஞ்சா தாங்குவாளான்னு பயம்.”

எனக்காகத்தான் அந்தச் சட்டமா? நான் அப்பாவுக்காக என்றல்லவா நினைத்திருந்தேன். கேட்டால் அவர் மனசு உடைந்துவிடும் என்று.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வில்லையாக நகர்த்தி, ஓரத்தில் நகத்தை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று... கல். தீபாவளிக்கு முன்னால் வார்த்தவை. ஒன்பதாவது வில்லை வெங்காயச் சருகு போல உரிந்தது. பதினொன்றும் அப்படியே. அப்பா என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் நகத்தை விடுவதற்கு முன்பே நம்பரைச் சொன்னார்.

“பதிமூணு போவும். பதினாலு நிக்கும், அன்னிக்கு ரெண்டு நாளு வெயில் காஞ்சுது. பதினேழு போவும். பத்தொம்பது போவும்.”

எல்லாம் மனப்பாடம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“ரிப்பன் வெட்டுன அன்னிக்கே.” அப்பா கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வரிசையா நிறுத்தியிருந்தாங்கல்ல. சும்மா ஒரு ரூவாக் காசால தட்டிப் பாத்தேன். நல்ல படகு ணங்குன்னு சொல்லும். இது பொத்துன்னு சொல்லுச்சு. அடுத்தது தட்டுனேன், அதுவும் பொத்து. அந்தப் பக்கம் மேளம் அடிக்கிறான், படகு வாங்குன பொம்பளைங்க அழுவுறாங்க, என் கையப் புடிச்சிக்கிட்டு நல்லா இருக்கணும்யாங்குறாங்க. நான் என்னாத்தச் சொல்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

“செம்பியன் காஞ்சா சரியாயிடும்னான். நானும் அப்படித்தான் நெனைச்சேன். நான் தொட்டி செஞ்சவன் பாப்பா. தொட்டியில ஏடு விட்டா தண்ணி ஒழுவும், துணியச் சுத்தி வைப்பாங்க. படகுல ஏடு விட்டா என்னா ஆவும்னு எனக்கு அப்பப் புத்தியில ஏறல.”

“இப்ப ஏறுதா?”

புயலுக்குப் பிறகு திருத்தி எழுதிய நோட்டை எடுத்து நம்பர்களை ஒத்துப் பார்த்தேன். உரிந்தது பதினான்கு. அதில் ஆண்டி அண்ணனுடையதையும் சேர்த்து ஐந்து புயலில் உடைந்துவிட்டது. எட்டு, முடசலோடையில் ஓடுகிறது. ஒன்று என் நோட்டிலேயே இல்லை.

எட்டுப் படகு. ஐந்து ஐந்து பேர். நாளை விடியற்காலை.

*

“யாரு செத்துட்டா? ஏன் எல்லாம் தரையில உக்காந்திருக்கீங்க?”

செம்பியன் மாமா பைக்கிலிருந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, கக்கத்தில் சுருட்டிய ஃபிளெக்ஸ். அதே தொண்டு நிறுவனம் மறுபடி வருகிறது. புயலில் படகு போனவர்களுக்கு அறுபது படகு. பதினோரு மணிக்குப் பட்டறையைப் பார்க்க வருகிறார்கள். நான்கு நாளாக அவர் தூங்கவில்லை.

கம்பியைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“என்னா எம்.ஃபில்., காலையிலயே ஆராய்ச்சியா?”

“முடசலோடை போறேன் மாமா. எட்டுப் படகையும் நாளைக்கு எறக்கக் கூடாதுன்னு சொல்லப் போறேன்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“மதி, மூணு வருஷமா இந்தப் பட்டறையில என்னா செஞ்சோம்? தண்ணித்தொட்டி. கடைக்குப் போர்டு. பார்க்குல கொழந்தைங்க சறுக்குற யானை. ஒரு படகு, ஒரே ஒரு படகு செஞ்சோமா? நம்ம ஆளுங்க பாதிப் பேரு கேரளாவுல செண்ட்ரிங் வேலையில இருக்கான். இப்பத்தான் ஒரு கதவு தொறக்குது. நீயே எழுதியிருக்கியே, சுனாமிக்கப்புறம் ஒருத்தனும் சொந்தமாப் புதுப் படகு வாங்கலன்னு. புயல் வந்தாத்தான் படகு. இதான் இந்தத் தொழிலோட எதிர்காலம். டில்லிக்கு ஒரே வரியில எழுதி அனுப்பிட்டு டிகிரிய வாங்கு.”

“எழுதத்தான் போறேன். முந்நூத்திப் பன்னெண்டு படகுல நூத்திப் பதினெட்டு கரையில சும்மா கவுந்து கெடக்கு மாமா. கடலுக்குப் போக ஆளு இல்ல. பசங்க சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போயிட்டானுங்க. மீனும் முன்ன மாதிரி இல்ல. இதுல இன்னும் அறுவதக் கொண்டாந்து எறக்குனா எவன் ஓட்டுவான்? ஓடுற படகு ஒடஞ்சா ஒழுங்கா ஒட்டிக் குடுக்க இந்தக் கரையில ஒரு பட்டறை உண்டா? அதுதான் வேலை. இனிமே அதுதான் தொழில்.”

“ரிப்பேரு! என்ன பங்ச்சர் கடை வைக்கச் சொல்ற?”

“வைங்க. தப்பா?”

“அத்த, கேட்டீங்களா?” அம்மா பக்கம் திரும்பினார். “நான் என்னா வேணாம்னா சொல்றேன்? அறுவதுக்குக் கையெழுத்து ஆவட்டும். அடுத்த வாரம் நானே போறேன். எட்டையும் தட்டிப் பாத்து, ராவோட ராவா ஒட்டிக் குடுத்துட்டு வர்றேன். ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க.”

ஒரு வாரம். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆறு வருஷம் ஓடியது இன்னும் ஏழு நாள் ஓடாதா? எனக்கே ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. மாமா கெட்டவர் இல்லை. அக்காவுக்கு அம்மை போட்டபோது இருபது நாள் பக்கத்திலேயே வேப்பிலை பிடித்துக்கொண்டு இருந்தவர்.

“நாளைக்கு எறங்குறாங்க மாமா. அடுத்த வாரம் இல்ல.”

“ஆறு வருஷமா எறங்கலியா?”

“புயலுக்கு அப்புறம் எறங்கல. ஆத்துக்குள்ள கட்டிக் கெடந்தாலும் ஒண்ணோட ஒண்ணு மோதி எவ்ளோ அடி வாங்கியிருக்கும்? இந்தத் துண்டப் பாருங்க. நகத்தால உரியுது.”

“இங்க பாரு.” மாமாவின் குரல் மாறியது. “உன்னப் படிக்க வச்சது எது தெரியுமா? அந்த நாப்பது படகு. உன் பி.ஏ., எம்.ஏ., சிதம்பரம் ஹாஸ்டல், அந்தத் தோள்பையில இருக்குற பேனா மொதக்கொண்டு அதுல வந்தது. அந்தப் படிப்ப வச்சே எங்க தலையில மண்ண வாரிப் போடுற.”

“தெரியும் மாமா. அதனாலதான் நான் போறேன். வேற யாரு போவா?”

அப்பா கம்பியைக் கையில் எடுத்து, வில்லைகளை ஓரம் சேர்த்து அடுக்கினார்.

“உள்பக்கம் சொரண்டி எடுத்துட்டு, புதுசா ரெண்டு மேட்டு போடணும்,” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “பங்குனி வெயில்ல போட்டா நிக்கும். பத்து வருஷம் நிக்கும்.”

“மாமா!” என்று கத்தினார் செம்பியன். அவருக்கு அப்பா மாமா. “நீங்களுமா?”

“நீயும் வாப்பா,” என்றேன். “நீ தட்டிக் காட்டுனாத்தான் நம்புவாங்க.”

அப்பா தலையை ஆட்டினார். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்? அந்தப் பொம்பளைங்க புடிச்ச கை பாப்பா இது.”

கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் ஐம்பத்தெட்டு வயசு ஆள், நீச்சல் தெரியாதவர், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை இழுத்துக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை, நேரமும் இல்லை. கம்பியை அவர் கையிலிருந்து வாங்கினேன். விட்டுவிட்டார்.

“இன்னொண்ணு எங்கப்பா? பதினேழாம் நம்பரு. முந்நூத்திப் பன்னெண்டுலயும் இல்ல.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் இந்தப் பார்வையை அம்மாவிடம் காட்டியதே இல்லை.

“அத நீ கரையில தேடுனா கெடைக்காது,” என்றார். “உங்கம்மாவக் கேளு.”

“ம்மா?”

“அது தண்ணியில இல்ல. அதால யாருக்கும் ஆபத்தும் இல்ல.” அம்மா என் தோள்பையை எடுத்து என் கையில் கொடுத்தாள். “மொதல்ல அந்த எட்டு. போயிட்டு வா, சொல்றேன்.”

“அத்த, நீங்களே அனுப்பி வைக்கிறீங்களா?” மாமா வாசலை மறித்து நின்றார். “மதி, சொல்லிட்டேன். இப்பப் போனா நாளைக்கு இந்தப் பட்டறைக்குள்ள கால வைக்கக் கூடாது. நானும் வர மாட்டேன், உங்கக்காவும் வர மாட்டா.”

“அக்கா வருவா. அவளும் ரோலர் புடிச்சவதான்.”

அவர் நகரவில்லை. நான் அவர் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்துவிட்டேன். நோட்டு, கம்பி, ஆண்டி அண்ணனின் துண்டு. துண்டு பைக்குள் அடங்கவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

தெரு முனையில் ஒரு வெள்ளை ஜீப் மெதுவாக வளைந்தது. பதினோரு மணிக்கு இன்னும் சரியாகப் பத்து நிமிஷம் இருந்தது. முன்சீட்டில் இருந்த தொண்டு நிறுவனப் பெண்மணி கண்ணாடியை இறக்கி, கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“கொளஞ்சி மேஸ்திரி பட்டறை இதுதானேம்மா? படகு கட்டறவர்?”

“இதுதாங்க. அப்பா உள்ளதான் இருக்காரு.”

“நீங்க பொண்ணா! ரொம்ப நல்லது. மழைக்கு முன்னாடி அறுபதும் முடியுமா? ஐப்பசியில ஒரு விழா வச்சிருக்கோம்.”

“மழையில கட்டுனா என்னா ஆவும்னு அவர்கிட்டயே கேளுங்க. சொல்லலைன்னா, நாளைக்குச் சாயந்திரம் நான் வந்து சொல்றேன்.”

அந்தப் பெண்மணி ஏதோ கேட்க வாயெடுத்தார். சிதம்பரம் பஸ் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்தது. சிதம்பரத்தில் இறங்கி, கிள்ளை பஸ் பிடித்து, அங்கிருந்து முடசலோடைக்கு நடந்தால்கூட இருட்டுவதற்கு முன்னால் எட்டு வீட்டுக் கதவையும் தட்டிவிடலாம். முதல் கதவு தேவசகாயத்தினுடையது.

நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன்.